கயிறு கட்டியாச்சு, தண்ணி எங்கே? இரண்டாம் முறை அடி இறங்கிய ஓர் அம்மாவின் நிகழ்வு ஆய்வு

"மிஸ், கர்ப்பப்பையை எடுத்துப்போட்டாங்கள்தானே. இல்லாத சாமான் எப்பிடித் திரும்ப இறங்கும்?"

திருகோணமலையில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த முதல் நாளே அந்த அம்மா கேட்ட கேள்வி இது. பெண்களின் இடுப்புத்தளத் தசைகளோடு வேலை செய்யும் இயன்மருத்துவர் நான். கர்ப்பப்பையோ யோனிச் சுவரோ பிடி தளர்ந்து கீழே இறங்குவதைத்தான் 'அடி இறங்குவது' என்கிறோம். அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் மாற்றவில்லை. அதே கேள்வியோடு வேறு பல வீடுகளிலும் பெண்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

வயது 56. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர்ப் பகுதிக் கிராமம் ஒன்று. கணவருக்குக் கடற்றொழில், அம்மாவுக்கு வயல் கூலி. பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவனை 19 வயதில், ஒன்றரை நாள் வயிற்றுக்குத்துக்குப் பிறகு, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். மற்ற நால்வரும் சுகப்பிரசவம். அதில் ஒன்று, இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களில். ஒவ்வொரு முறையும் 31ஆம் நாள் துடக்குக் கழித்த கையோடு தண்ணீர்க் குடமும் களை பிடுங்கலும் தொடங்கிவிட்டன. எட்டு வருடத்துக்கு முன்னர் ஓர் ஆஸ்பத்திரியில் யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, யோனியின் முன்சுவரையும் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். பிறகு பழையபடி.

காலையில் எழும்பும்போது ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மேல் கீழே முட்டத் தொடங்கும். பின்னேரம் ஆனால் கோழிமுட்டை அளவுக்குச் சதை வெளியே நிற்கும். சலம் ஒரேயடியாகப் போகாது. இரண்டு விரலால் சதையை உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் மிச்சம் போகும். அடக்க முடியாத அவதியும் உண்டு. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு மூன்று துண்டு. கிணற்றடியில் மற்றவர்களின் கண்ணில் படாமல் அவற்றைத் துவைத்து, வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் காயப்போடுவது அவருக்குத் தனி வேலை. கோணேசர் கோயிலுக்குப் போய் மூன்று வருடம். மலை ஏற்றத்தின் பாதியில் சதை வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சொப்பிங் பேக் ஒன்றுக்குள் பழைய டயக்னோசிஸ் காட்டை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் அட்டையை, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மை பரவியிருந்தாலும் வாசிக்கலாம். சத்திரசிகிச்சையின் பெயர், திகதி, கொடுத்த மருந்துகள், கடைசியில் 'இடுப்புத்தளப் பயிற்சி அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. அந்தத் தசை இருக்கிறதா, எவ்வளவு இறுக்குகிறது, எத்தனை வினாடி தாங்குகிறது என்று ஒரு சொல்கூட இல்லை.

அந்த வரியைக் குறை சொல்வதற்கு முன் என்னுடைய பிழையைச் சொல்லவேண்டும்.

முக்கிச் செய்த ஐந்து வாரம்

முதல் நாள் சரியான கூட்டம், திரை மறைப்புள்ள கட்டிலும் கிடைக்கவில்லை. உள்ளே பார்க்காமல் வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். "சலத்தை இடையில அடக்கிற மாதிரி இறுக்குங்கோ அம்மா, விடுங்கோ. ஒரு தரத்துக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூண்டு தரம்." தலையாட்டிவிட்டுப் போனார். ஐந்து வாரம் கழித்து வந்து, "ஒரு நாளும் விடேல்ல மிஸ், நல்லா முக்கித்தான் செய்தனான்" என்றார்.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. நம் பேச்சில் 'முக்கிச் செய்தேன்' என்றால் கஷ்டப்பட்டு முயன்றேன் என்றும் ஆகும். அன்று கட்டிலில் படுக்கவைத்து, கையுறை போட்டு, ஒரு விரலை உள்ளே வைத்து "இப்ப செய்து காட்டுங்கோ" என்றபோதுதான் உண்மை தெரிந்தது. மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, பிள்ளைப்பேற்றில் போல முழுப் பலத்தோடும் கீழே தள்ளினார். சதை என் விரலையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு நாளைக்கு இருபத்துநான்கு தடவை, ஐந்து வாரம். இறக்கத்தை இறக்கும் பயிற்சியை நானே கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இது அந்த அம்மாவுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோது, சரியாகச் சுருக்கியவர்கள் பாதிப்பேர்தான். ஏறக்குறைய கால்வாசிப் பேர் செய்த முறை சல ஒழுக்கைக் கூட்டக்கூடிய வகையில் இருந்தது. இன்று உலகம் முழுக்க யாருடைய பெயரால் இந்தப் பயிற்சியைச் சொல்கிறார்களோ, அந்த ஆர்னோல்ட் கீகல் 1948இல் இதைப் பற்றி எழுதியபோது, விரலால் தொட்டும் பெரினியோமீற்றர் என்ற அழுத்தமானியை உள்ளே வைத்து அளந்தும்தான் கற்றுக்கொடுத்தார். காலப்போக்கில் அளப்பதும் தொடுவதும் கழன்றுபோய், துண்டுப்பிரசுரம் மட்டும் மிஞ்சிவிட்டது.

அன்றிலிருந்து 'அடக்குங்கோ', 'இறுக்குங்கோ' என்ற சொற்களை நான் தனியாகப் பாவிப்பதில்லை. இந்த அம்மாவுக்கு வேலை செய்த சொல்லை அவரே கண்டுபிடித்தார். மலவாயிலிருந்து முன்னுக்கு, உள்ளே, மேலே என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "கிணத்து வாளி மேல வாற மாதிரியோ மிஸ்?" என்றார். விரலுக்குக் கீழே முதல் தடவையாக ஏதோ அசைந்தது. இடப்பக்கம் மட்டும்.

வலப்பக்கம் இருந்த வெறுமை

இடுப்பெலும்புக் கூட்டின் அடியை மூடிநிற்பது லெவேட்டர் ஏனை என்ற தசைத்தொகுதி. அதன் உட்பகுதியான பியூபோரெக்டாலிஸ், முன்னால் உள்ள பூப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து இரு புறமாகவும் புறப்பட்டு, மலக்குடலுக்குப் பின்னால் சேர்ந்து கவண்போல் பிடித்திருக்கும். மற்றத் தசைகளைப் போல வேலை வரும்போது மட்டும் இயங்கும் தசை இல்லை இது. நாம் நித்திரையில் இருக்கும்போதும் ஓரளவு இறுக்கத்தோடேயே இருந்து, சலவாய், யோனி, மலக்குடல் மூன்றும் வெளியே வரும் இடைவெளியை மூடிவைத்திருக்கிறது. பிள்ளையின் தலை வெளிப்படும் நேரத்தில் இந்த உட்பகுதி தன் இயல்பு நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது. அநேகமானோருக்கு இழுபட்டுவிட்டுத் திரும்பும். சிலருக்கு எலும்பிலிருந்தே கழன்றுவிடும். ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் அந்த ஆபத்து கூடுதல்.

விரலால் பார்க்கும் முறை எளிது. சலக்குழாய்க்குப் பக்கத்தில் விரலை வைத்து, பூப்பெலும்பின் கீழ்விளிம்பு ஓரமாக நகர்த்தி, சுருக்கச் சொல்லவேண்டும். இடப்பக்கம் எலும்புக்கும் விரலுக்கும் இடையே கயிறுபோல் தசை திரண்டது. வலப்பக்கம் விரல் நேரே எலும்பில் முட்டியது, இடையில் ஒன்றும் இல்லை. மூத்தவன் பிறந்து 37 வருடமாகிறது. அந்த முப்பத்தேழு வருடமும் இந்த வெறுமையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பதிந்த அளவுகள் இவை. தசையின் பலத்தை 0 தொடக்கம் 5 வரை அளக்கும் ஒக்ஸ்போர்ட் அளவில் இடப்பக்கம் 2, தாங்கியது 3 வினாடி, திரும்பச் செய்ய முடிந்தது நான்கு தடவை. இறக்கத்தை, கன்னிச்சவ்வின் மட்டத்தை பூச்சியமாகவும் அதற்கு வெளியே + என்றும் உள்ளே - என்றும் வைத்து அளக்கும் பொப்-கியூ முறையில், முன்சுவர் +3 சென்ரிமீற்றர், யோனியின் மேல்முனை +1, பின்சுவர் -1, யோனியின் மொத்த நீளம் 8. அதாவது மூன்றாம் நிலை இறக்கம். முக்கச் சொல்லி அளந்தபோது, சலவாயிலிருந்து யோனித் திறப்பின் பின்விளிம்பு வரை 5.5, அங்கிருந்து மலவாயின் நடு வரை 2.5. இரண்டையும் கூட்டினால் 8. இந்தக் கூட்டுத்தொகை 7ஐ எட்டினாலே தசை இடைவெளி அளவுக்குமீறி விரிகிறது என்று கொள்ளலாம். முப்பரிமாண ஸ்கேன் உள்ள இடங்களில் அந்த இடைவெளியின் பரப்பையே பார்ப்பார்கள். முக்கும்போது 25 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் போனால் அது விரிவு. அந்த வசதி இல்லாத கிளினிக்கிலும் ஓர் அளவுகோலும் இரண்டு எண்களும் இருந்தால் போதும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'இங்கே மெஷின் இல்லை' என்ற காரணத்தோடு இந்தச் சோதனையே கைவிடப்படுகிறது.

இன்னுமொன்று. முதல் அளவுகளைக் காலை எட்டரைக்கு, படுத்த நிலையில் எடுத்தபோது முன்சுவர் +1 மட்டுமே. அம்மா சொன்ன கோழிமுட்டையை நான் காணவில்லை. மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, பின்னேரம் இரண்டு மணிக்கு நின்ற நிலையில் காட்டியபோதுதான் +3 தெரிந்தது. பெண் சொல்வதும் நாம் காண்பதும் ஒத்துவராவிட்டால், நேரத்தையும் நிலையையும் மாற்றிப் பார்க்கவேண்டும். அவர் கூட்டிச் சொல்கிறார் என்று எழுதிவிடக்கூடாது.

சலம் போனபின் ஸ்கேனில் பார்த்தபோது சலப்பையில் 180 மில்லிலீற்றர் மிச்சம். இருமச் சொன்னால் ஒழுக்கு இல்லை. சதையை உள்ளே தாங்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னபோது பீறியது. இறங்கிய முன்சுவர் சலக்குழாயை மடித்து அடைத்து வைத்திருந்ததால் ஒழுக்கு இவ்வளவு காலமும் மறைந்திருக்கிறது. ஒப்பரேசனுக்கு முன் இதை அவரிடம் சொல்லாமல் விட்டால், பிறகு 'தைச்சுக் கெடுத்துப்போட்டாங்கள்' என்று நினைப்பது நியாயம்தான்.

வள்ளக்காரர் வீட்டுக்கு விளங்கும் பாடம்

அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய நேரம் வந்தது. இடுப்புத்தளம் பற்றிய பாடங்களில் பல காலமாக ஒரு படகு உவமை உண்டு. துறைமுக ஊரில் அதை விளக்கவே தேவையில்லை.

"வள்ளத்தைக் கரையில கட்டியிருக்கிறீங்கள். தாங்கிறது ஆர் அம்மா, கயிறோ தண்ணியோ?"

"தண்ணிதான். கயிறு அசையாமப் பிடிக்க மட்டும்."

"தண்ணி வத்தினா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முழுப் பாரமும் கயித்தில நிக்கும். இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு அறும்."

தண்ணீர்தான் அந்தத் தசை. கயிறுகள், கர்ப்பப்பையின் கழுத்தையும் யோனியின் மேல்முனையையும் பின்னுக்கும் பக்கத்துக்கும் இழுத்துப் பிடிக்கும் இணைநார்களும், யோனிச் சுவரைப் பக்கவாட்டில் ஒட்டவைத்திருக்கும் திசுப்படலமும். கர்ப்பப்பை வள்ளத்தில் வந்த ஒரு பயணி மட்டுமே. பயணியை இறக்கிவிட்டதால் மட்டும், தண்ணீர் வற்றிய இடத்தில் வள்ளம் மிதந்துவிடாது. முதல் ஒப்பரேசனில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், முன்சுவரை மடித்துத் தைத்தார்கள். மேல்முனையை எங்காவது கட்டினார்களா என்பது அந்த அட்டையில் இல்லை. தசை இல்லாத வலப்பக்கத்தில் பாரம் முழுவதும் தையலில் நின்றது. அவருக்குத் திரும்ப இறங்கியது கர்ப்பப்பை இல்லை, யோனியின் மேல்முனையும் அதற்கு முன்னால் உள்ள சலப்பையும்.

"அப்ப நான் பாரம் தூக்கினதால இல்லையா?" என்று அவர் கேட்டது எனக்கு மறக்காது. எட்டு வருடமாக அந்தப் பழியைத் தானே சுமந்திருக்கிறார். பாரம் தூக்குவது இறக்கத்தைக் கூட்டும் என்பது சரி. நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் அப்படியே. ஆனால் கதவு உடைந்த வீட்டில் காற்றை மட்டும் குற்றம் சொல்லமுடியாது.

எதைக் கட்டுவது, எங்கே

முதலில், இறங்கியதைத் தாங்குவதற்கு யோனிக்குள் வைக்கும் வளையப் பெஸரியை வைத்துப் பார்த்தோம். இரண்டு அளவுகள். இரண்டும் கக்கூஸில் குந்தி இருந்தபோது விழுந்தன. தசை கழன்று, இடைவெளி விரிந்து, கர்ப்பப்பையும் எடுத்தவர்களுக்கு வளையம் தங்காமல் போவது எதிர்பார்க்கக்கூடியதே. யோனியில் ஈஸ்ட்ரஜன் கிரீம் பூசியதில் புண்பட்டிருந்த தோல் ஆறியது.

பிறகு சத்திரசிகிச்சை பற்றி மகப்பேற்று விசேட வைத்திய நிபுணரோடு பேசினோம். யோனியை மூடித் தைக்கும் முறை, 1877இல் பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர் விவரித்தது, மூப்படைந்தவர்களுக்கு மிகப் பத்திரமானது, திரும்ப இறங்குவதும் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு தாம்பத்திய உறவு முடியாது. இந்தக் கேள்வியை 56 வயது அம்மாவிடம் கேட்க நம் ஊரில் எல்லோரும் கூச்சப்படுகிறோம். கேட்காமலே 'இனி என்னத்துக்கு' என்று முடிவெடுத்துவிடுகிறோம். நான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, தெளிவாகச் சொன்னார்: "அது வேணும் மிஸ்." அதோடு அந்த முறை பட்டியலில் இருந்து நீங்கியது.

வலை வைப்பதைப் பற்றி அவருடைய மகள் கேட்டாள். யாரோ வெளிநாட்டிலிருந்து சொன்னார்களாம். இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் செயற்கை வலை வலியை உண்டாக்கியும் யோனித் தோலை அரித்து வெளியே வந்தும் இருந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்து, 2019 ஏப்ரலில் விற்பனையையே நிறுத்தவைத்தது. வயிற்றின் வழியாக மேல்முனையைத் திரிகத்தில், அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பில், வலையால் கட்டுவது வேறு விஷயம். அது இன்றும் செய்யப்படுகிறது, மேல்முனையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீண்ட ஒப்பரேசன். அம்மாவுக்கு வயிற்றைத் திறக்க விருப்பமில்லை.

எனவே தெரிவானது, யோனி வழியாகவே மேல்முனையை, இடுப்பின் பின்பக்கம் திரிகத்துக்கும் இருப்பெலும்பு முள்ளுக்கும் இடையே ஓடும் சாக்ரோஸ்பைனஸ் இணைநாரில் கட்டி, முன்சுவரையும் பின்சுவரையும் தைத்து, யோனிக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பெரினியத்தைக் கட்டியெழுப்புவது. தையலை இருப்பெலும்பு முள்ளிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே போடுவார்கள். முள்ளை ஒட்டியே புடெண்டல் நரம்பும் நாளங்களும் போகின்றன. இந்த முறையின் பலவீனத்தையும் அவருக்கு ஒளிக்கவில்லை: யோனியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவதால் முன்சுவரில் பாரம் விழும், திரும்ப இறங்கினால் பெரும்பாலும் அங்கேதான். தசை கழன்றவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. ஒழுக்கை நிறுத்தச் சலக்குழாய்க்குக் கீழே போடும் நாடாவை அதே ஒப்பரேசனில் வைக்கலாமா என்றும் பேசினோம். முதலில் பார்ப்போம், தேவைப்பட்டால் பிறகு என்று அவரே முடிவெடுத்தார்.

ஒப்பரேசனுக்கு முன் பத்து வாரம் பயிற்சி. இந்த முறை விரல் வைத்து, எண்ணி, எழுதி. இடப்பக்கம் 2 இலிருந்து 3 ஆனது, 6 வினாடி தாங்கியது. இங்கே நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். 2014இல் வெளியான ஒப்டிமல் என்ற பெரிய ஆய்வில், மேல்முனையைக் கட்டிய பெண்களுக்கு ஒப்பரேசனை ஒட்டிக் கொடுத்த தசைப்பயிற்சி இரண்டு வருட முடிவை நல்லதாக்கவில்லை. ஆகவே 'பயிற்சி செய்தால் தையல் நிற்கும்' என்று நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. கழன்ற தசை பயிற்சியால் எலும்பில் திரும்ப ஒட்டாது. அப்படியானால் ஏன் செய்கிறோம்? எந்தப் பக்கம் என்ன மிச்சம் இருக்கிறது என்று சத்திரசிகிச்சை நிபுணருக்கும் பெண்ணுக்கும் முன்கூட்டியே தெரியவேண்டும், அதனால்தான். பிறகு வெளிப்படப்போகும் ஒழுக்கைச் சமாளிக்க அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

"அந்தப் பக்கம் இனி வராதா மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வராது அம்மா."

"சரி. இருக்கிற பக்கத்தைப் பழக்குவம்."

தையலுக்குப் பிறகு

முதுகில் ஊசி போட்டுத்தான் ஒப்பரேசன். இரண்டாம் நாள் கதீற்றரை எடுத்தபின் மிச்சச் சலம் 40 மில்லிலீற்றர்தான். வலது பிட்டத்தில் வலி, உட்காரும்போது கூடுதல். இணைநாரின் பக்கத்து நரம்புக் கிளைகளால் வருவது, அநேகமாகக் கிழமைகளில் தணியும். அவருக்கு நான்காம் கிழமை போய்விட்டது. ஆறு கிழமை குடம் தூக்கக்கூடாது என்று மருமகளை முன்னால் இருத்திச் சொன்னோம். அம்மாவிடம் மட்டும் சொன்னால் வீடு அதற்கு இடம்கொடாது. மலச்சிக்கலுக்கு மருந்தும், கக்கூஸில் மூச்சைப் பிடித்து முக்காமல் இருக்கவும் பழக்கினோம்.

எதிர்பார்த்தபடி மூன்றாம் கிழமை இருமலோடு ஒழுக்கு வந்தது. சொல்லிவைத்திருந்ததால் அவர் பதறவில்லை. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானிய அமைப்பான நைஸ் 2019இல் சொன்னது, கண்காணிப்போடு குறைந்தது மூன்று மாதம், ஒரு தரத்துக்கு எட்டு சுருக்கங்களாவது, ஒரு நாளைக்கு மூன்று தரம். அதோடு, இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு கணம் முன் தசையைச் சுருக்கிப் பிடிக்கும் பழக்கம். இதன் பலன் 1998இலேயே காட்டப்பட்டிருக்கிறது. அம்மா அதற்கு 'பூட்டிறது' என்று பெயர் வைத்தார். "தும்மல் வரப்போகுது எண்டு மூக்கு சொன்ன உடனே பூட்டிப்போடுவன் மிஸ்." இப்போது மற்றப் பெண்களுக்கும் நான் அந்தச் சொல்லைத்தான் கொடுக்கிறேன். மூன்று மாத முடிவில் சேலைத் துண்டு ஒன்றாகக் குறைந்தது, ஆறு மாதத்தில் தூரப் பயணத்துக்கு மட்டும். நாடா தேவைப்படவில்லை.

ஒரு வருடத்தில் திரும்ப அளந்தோம். மேல்முனை -6, அசையவில்லை. முன்சுவர் -1. அளவுமுறைப்படி -1 என்றால் இரண்டாம் நிலை இறக்கம். கடுமையாகப் பார்த்தால் திரும்ப வந்துவிட்டது என்றும் எழுதலாம். அம்மாவிடம் கேட்டால், "ஒண்டும் முட்டேல்ல மிஸ், கை வச்சுத் தள்ளிற வேலையும் இல்ல." கன்னிச்சவ்வின் மட்டத்தைத் தாண்டாதவரை பெரும்பாலான பெண்களுக்கு முட்டும் உணர்வு வருவதில்லை. நான் அவர் சொல்வதையே முடிவாக எடுத்துக்கொண்டேன், எண்ணையும் மறைக்காமல் பக்கத்திலேயே எழுதினேன். கோணேசர் கோயிலுக்கு இரண்டு தடவை போய்வந்திருக்கிறார்.

அவருடைய கிளினிக் கொப்பியில் அன்று நான் எழுதியது இது: வலது பியூபோரெக்டாலிஸ் எலும்பில் இல்லை, பழையது, அநேகமாக முதற்பிரசவம். இடது 4, எட்டு வினாடி, எட்டுத் தடவை. சுருக்கச் சொன்னால் மேலே தூக்குகிறார், முக்கவில்லை, விரல் வைத்துப் பார்த்தது. முன்சுவர் -1, அறிகுறி இல்லை. அடுத்த முறை ஆறு மாதத்தில், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு, நின்ற நிலையிலும் பார்க்கவும்.